நீலச் சட்டைக்குச் சொன்ன ஓம்

31.05.1979 – வியாழன்

மெஷின் பெல்ட் இன்றும் அறுந்தது. வாசிகசாலை மண்டபத்தில் பதினொரு பிள்ளைகள் என்னிடம் தையல் பழகுகிறார்கள். மெஷின் இரண்டுதான். அதில் ஒன்று படுத்துவிட்டால் நான் யாரைச் சமாளிப்பது? அவர்களில் கலியாணம் முடித்த மீனம்மா மட்டும் ஒன்றும் பேசாமல் கையால் விளிம்பு தைத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் கதை, கதை, ஒரே கதை. இரண்டு பேரை அதட்டிவிட்டேன். பிறகு எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்தால் முற்றத்தில் தரகர் இளையதம்பியரின் சைக்கிள். அந்தச் சைக்கிள் நிற்கிற வீட்டில் குமர்ப்பிள்ளை இருக்கிறாள் என்று முத்தையன்கட்டு நாய்களுக்கும் தெரியும். எனக்கு இது ஐந்தாவது சம்பந்தம். மல்லாவி ஆள். பெயர் கதிர்காமநாதன், வயது முப்பத்திரண்டு. உழவு மெஷின் திருத்துகிற பட்டறை வைத்திருக்கிறாராம், வயலும் உண்டாம். சாதகம் பொருந்திவிட்டது.

இதுவரை நாலு பேர் என்னை வந்து பார்த்திருக்கிறார்கள். ஒருவருக்குச் சாதகம் சரியில்லை, ஒருவருக்குக் காணி போதவில்லை, ஒருவருக்கு நான் உயரம் கூட, ஒருவர் காரணமே சொல்லவில்லை. நான் ஒரு தரமும் தலை நிமிர்ந்து பார்த்ததில்லை. நாலு பேரின் கால் விரல்களும் ஞாபகம் இருக்கின்றன, முகம் ஒன்றுகூடத் தெரியாது.

இன்றைக்கு ஐயா சொன்னதை எழுதத்தான் கொப்பியைத் திறந்தேன். இளையதம்பியருக்கு முன்னாலேயே சொன்னார்: "இந்த முறை பிள்ளையும் பாக்கட்டும். அவளுக்குப் பிடிச்சால்தான் மேற்கொண்டு கதை." அம்மா குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தா. இளையதம்பியர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார். புத்தூரிலிருந்து இங்கே காணி வெட்டிக் குடியேறிய நாள் தொடக்கம் ஐயா கொஞ்சம் புதுமை பேசுகிறவர்தான். ஆனால் இவ்வளவு தூரம் போவார் என்று நான் நினைக்கவில்லை. எனக்கு இருபத்தேழு வயது. 'உனக்குப் பிடிக்குதோ' என்று என்னிடம் ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை.

பதினோராம் தேதி வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். அங்கே வைத்துப் பார்க்கலாமாம்.

04.06.1979 – திங்கள்

கமலிக்கு வாய் சும்மா இராது. என்னைவிட ஐந்து வயது இளையவள், கதைக்கும்போது எனக்கு மூத்தவள். "அக்கா, பிடிக்கேல்லை எண்டால் என்ன செய்வாய்?" என்று கேட்டாள்.

"பிடிக்கேல்லை எண்டுவன்."

"உன்னாலை ஏலாது."

ஏன் ஏலாது? ஐயாவே கேட்கிறபோது எனக்கு என்ன பயம்?

12.06.1979 – செவ்வாய்

நேற்று வீடு வந்து சேர இருட்டிவிட்டது, எழுத முடியவில்லை. இன்று காலையிலிருந்து எப்போது தனியாக இருப்பேன் என்று காத்திருந்தேன்.

இளையதம்பியர் சொல்லிவிட்ட அடையாளம் இதுதான்: நீலச் சட்டை, பத்து மணிக்குத் தண்ணீர்ப்பந்தலடி. அம்மா பொங்கல் பானையோடு இருந்துவிட்டா. நானும் கமலியும் பந்தலடிக்குப் போனோம். சனம் என்றால் அப்படி ஒரு சனம். கோயிலடியில் எந்த ஆம்பிளை சட்டையோடு நிற்பான்? அதை இளையதம்பியரும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. வேட்டியும் வெறும் மேலுமாக ஒரு நூறு பேர். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து பிரதட்டை செய்கிற ஒருவர் உருண்டுகொண்டு வந்தார். உடம்பு முழுக்க ஈர மண். பின்னால் வந்தவர்கள் குடத்தால் தண்ணீர் ஊற்றினார்கள். நாங்கள் சேலையைத் தூக்கிப் பிடித்து விலகினோம். கமலியின் சேலைக் கரையில் சேறு பட்டுவிட்டது, அவள் முணுமுணுத்தாள். முணுமுணுத்தபடியே என் கையைக் கிள்ளினாள்: "அக்கா, அந்தா. தோளிலை நீலச் சட்டை!"

பார்த்தேன். ஒரு செம்பு மோர் குடித்து முடிகிற நேரம் முழுக்கப் பார்த்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இந்தக் கொப்பியை வேறு யார் வாசிக்கப் போகிறார்கள்? நல்ல உயரம். இரண்டு தோளும் ஒரே மட்டம். எத்தனையோ பேருக்கு அளவெடுத்தவள் நான், எல்லாருக்கும் ஒரு தோள் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். அவர் யாரோடோ கதைத்துச் சிரித்தார், அப்போது கன்னத்தில் ஒரு கோடு விழுந்தது. நெற்றியில் பூசிய விபூதி வியர்வையில் கரைந்து இமை வரைக்கும் வந்திருந்தது. நல்லவரா, கெட்டவரா, குடிப்பவரா என்று ஒரு கணமும் நினைக்கவில்லை. வடிவு. எனக்குள் ஓடியது அவ்வளவுதான்.

ஆம்பிளைகள் எங்களை இப்படித்தான் பார்க்கிறார்களா? பார்ப்பது இவ்வளவு சந்தோஷமான காரியமா? அப்படியென்றால் அந்த நாலு பேரும் என்னை ஏன் வேண்டாம் என்றார்கள்!

14.06.1979 – வியாழன்

ஐயா கேட்டார். "ஓம்" என்றேன்.

"நல்லாப் பாத்தனியோ?"

"ஓம் ஐயா, நல்லாப் பாத்தனான்."

ஐயா சிரித்தார். பெருமை. என்னை நினைத்து அல்ல, தன்னை நினைத்தே.

24.06.1979 – ஞாயிறு

மல்லாவியிலிருந்தும் சம்மதம் வந்துவிட்டது. மாப்பிள்ளை ஒரு கிழமை யோசித்துத்தான் சொன்னாராம். ஒரு கிழமை! எதை யோசித்தார்? நான் மூன்று நாளில் சொல்லிவிட்டேன். அம்மா சொல்கிறா, ஆம்பிளையள் நிதானமாகத்தான் சொல்வினம் என்று. எனக்குக் கொஞ்சம் ரோசம்தான். என்றாலும் மாம்பழ நிறத்தில் ஒரு சட்டை வெட்டத் தொடங்கினேன். வரும் எட்டாம் தேதி வெற்றிலை மாற்ற வருகிறார்கள்.

08.07.1979 – ஞாயிறு

எழுதவேண்டும். எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

பத்தரை மணிக்குக் கார் வந்தது. யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தேன். கார் ஓட்டி வந்தவரே அவர்தான். அதே தோள். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. பின்னால் ஒரு வயதான அம்மா, ஒரு பெரியவர், இளையதம்பியர், இன்னும் ஒருவர். அந்த இன்னும் ஒருவரை நான் கவனிக்கவே இல்லை.

அம்மா தேத்தண்ணீர்த் தட்டைத் தந்து, "மாப்பிள்ளைக்கு முதல் குடு" என்றா. நான் நேரே அவரிடம் போனேன். நீட்டினேன். அவர் கால்களைப் பின்னால் இழுத்துக்கொண்டு மெல்லச் சொன்னார்:

"தங்கச்சி, மாப்பிள்ளை அங்காலை இருக்கிறார்."

தங்கச்சி!

எல்லாரும் சிரித்தார்கள். "பிள்ளை வெக்கத்திலை தடுமாறிப் போச்சுது" என்றார் பெரியவர். அம்மாவும் சிரித்தா. நான் தட்டோடு திரும்பினேன். பக்கத்துக் கதிரையில், கால் நிலத்தில் சரியாகப் படாமல், ஒருவர் இருந்தார். கட்டை ஆள். கழுத்து என்று ஒன்று இல்லை. முகமெல்லாம் அம்மாள் வருத்தம் வந்து போன குழிகள். மேல் பல்லு இரண்டும் உதட்டுக்கு வெளியே. அவர் மட்டும் சிரிக்கவில்லை. தேத்தண்ணீரை எடுத்துக்கொண்டு என்னை ஒரு தரம் பார்த்தார், பிறகு கோப்பைக்குள் பார்த்தார்.

வெற்றிலை மாற்றினார்கள். நான் குசினிக்குள் அம்மியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கமலி வந்து என் முகத்தைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அவர் பெயர் யோகநாதனாம். மாப்பிள்ளையின் சிநேகிதன், பட்டறையில் கூட வேலை செய்கிறவர். பெண்சாதியும் இரண்டு பிள்ளைகளும் உண்டாம்.

09.07.1979 – திங்கள்

இல்லை. இல்லை. நான் அந்த ஆளுக்கு ஓம் சொல்லேல்லை.

11.07.1979 – புதன்

கமலி இளையதம்பியரிடம் கதை கொடுத்து எல்லாம் அறிந்து வந்துவிட்டாள். அன்று நீலச் சட்டை போட்டு வந்தவர் கதிர்காமநாதன்தான். அவருக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்ததாம். சட்டையைக் கழற்றிச் சிநேகிதனிடம் கொடுத்துவிட்டுப் பிரதட்டைக்கு இறங்கினாராம். சேறு தெறித்தது அவர் உருண்டபோதுதான். நான் சேலையைத் தூக்கிப் பிடித்து விலகியது என் மாப்பிள்ளைக்கு வழிவிட்டு.

"சொல்லிப்போடு அக்கா. ஆள் மாறிப்போச்செண்டு சொல்லு," என்கிறாள் கமலி.

எப்படிச் சொல்வது? ஆள் மாறிப்போச்சு என்றால், அப்ப நீ யாருக்கு ஓமெண்டனி என்று கேட்பார்கள். ஏன் ஓமெண்டனி என்று கேட்பார்கள். முன்பின் தெரியாத ஒருத்தனின் தோளையும் கன்னத்தையும் பார்த்து ஓமெண்டனான் என்று எந்த வாயால் சொல்வது?

15.07.1979 – ஞாயிறு

அம்மா மிளகாய் இடித்துக்கொண்டிருந்தா. சும்மா கேட்பது போலக் கேட்டேன்: "அம்மா, நீங்கள் ஐயாவை முதல் பாத்தபோது உங்களுக்குப் பிடிச்சுதோ?"

"நான் எங்கை பாத்தனான்? தாலி கட்டி மூண்டாம் நாள்தான் முகத்தை வடிவாப் பாத்தனான்."

"பிடிக்காட்டி?"

உலக்கையை நிறுத்தினா. "என்னடி கதை இது? ஆம்பிளையின்ரை வடிவைப் பாத்தோ கலியாணம் செய்யிறது? வடிவெல்லாம் பொம்பிளைக்கு."

பொம்பிளைக்கு வடிவு வேண்டும், கண் வேண்டாம். சரி அம்மா.

21.07.1979 – சனி

இன்று அவர் வாசிகசாலைக்கு வந்தார். பெல்ட் அறுகிற கதையை இளையதம்பியர் சொன்னாராம். மல்லாவியிலிருந்து இவ்வளவு தூரம் ஒரு பெல்ட்டோடு வந்திருக்கிறார். பிள்ளைகள் எல்லாம் ஆளை ஆள் இடித்துச் சிரித்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல் மெஷினுக்கு முன்னால் குந்தினார். பெல்ட்டைப் போட்டு, எண்ணெய் விட்டு, பல வருஷமாகக் கடகடவென்று கத்திய சில்லையும் சரிசெய்துவிட்டார். மற்ற மெஷினையும் கேட்காமலே பார்த்தார். ஒரு மணித்தியாலம்.

முதுகு காட்டி இருந்த நேரம் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. நல்ல மனிசன், கை சுத்தம், வேலை தெரிந்தவர் என்றுகூட நினைத்தேன். திரும்பி, "இனி அறாது" என்றார். அந்தப் பல்லு. கத்தரிக்கோலைத் தேடுவது போல நான் குனிந்துகொண்டேன்.

அவர் கெட்டவராக இருந்தால் எவ்வளவு நல்லது! ஒரு நாளைக்குக் குடிவெறியில் வந்து ஐயாவின் முற்றத்தில் விழுந்தால் எவ்வளவு நல்லது! நான் இப்படி எழுதுகிறேனே, நான் என்ன பிறவி?

02.08.1979 – வியாழன்

மீனம்மா எல்லாரும் போனபிறகு துண்டுத் துணிகளைப் பொறுக்கிக்கொண்டு நின்றாள். எழுபத்தேழு கலவரத்தோடு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்த சனம், எங்கள் வாய்க்காலுக்கு அங்காலே குடிசை போட்டிருக்கிறார்கள். அவர்களோடு அளவோடு இரு என்று அம்மா சொல்வா. இன்று நான்தான் கேட்டேன், உன்ரை கலியாணம் பேசிச் செய்ததோ என்று.

"இல்ல டீச்சர். கொழுந்து நிறுக்கிற எடத்துல பார்த்தேன். மூஞ்சி புடிச்சிருச்சு, கட்டிக்கிட்டேன்."

எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள்! மழை வந்தது, குடை பிடித்தேன் என்பது போல.

"வீட்டிலை ஏசேல்லையோ?"

"ஏசாமலா? மூஞ்சியையா சோத்துல போட்டுத் திங்கப் போறேன்னு எங்கம்மா கேட்டுச்சு."

"இப்ப?"

"இப்பவும் பார்க்க நல்லாத்தான் இருக்கான். வேலைக்குத்தான் போக மாட்டேங்கிறான்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. எத்தனை நாளுக்குப் பிறகு.

05.08.1979 – ஞாயிறு

வயலால் வந்து ஐயா கை கால் கழுவிக்கொண்டு நின்றார். துணிந்து சொல்லிவிட்டேன். "ஐயா, இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

ஐயா கோபிக்கவில்லை. கதிரையைக் கொண்டுவந்து என்னை இருத்தினார். தானும் இருந்தார்.

"என்ன, ஆள் குடிக்கிறாரோ? ஏதும் கேள்விப்பட்டனியோ?"

"இல்லை ஐயா."

"வேறை எங்கையும் தொடுப்பிருக்கோ?"

"இல்லை."

"தாய்க்காறி ஏதும் சொன்னவாவோ?"

"இல்லை."

"வருத்தம் கிருத்தம்?"

"இல்லை ஐயா."

"பிறகென்ன?"

பிறகென்ன! ஐயா ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டினார். நான் போகவேண்டிய கதவு அதில் இல்லை. ஐயாதான் பிறகு சொன்னார்: "உன்னைக் கேட்டுத்தானே செய்தனான் பிள்ளை. இந்தப் பகுதியிலை எந்தத் தேப்பன் கேட்டவன்?"

ஓம் ஐயா. நீங்கள் கேட்டதுதான் வினை. கேட்காமல் கட்டி வைத்திருந்தால் உங்களைக் குறை சொல்லி அழலாம். இப்ப நான் ஆரைக் குறை சொல்ல?

14.08.1979 – செவ்வாய்

அவரையே வரச்சொல்லி எழுதிப் போட்டேன். மெஷின் பழுது என்று சாட்டுச் சொல்லித்தான். வந்தார். கமலியை வாசலில் இருத்திவிட்டுச் சொன்னேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன், நீலச் சட்டை, தண்ணீர்ப்பந்தல், சேறு, எல்லாம்.

"எனக்குத் தெரியும்," என்றார்.

நிமிர்ந்தேன்.

"பிரதட்டை முடிச்சு எழும்பி வரேக்கை பாத்தனான். நீங்கள் யோகனைத்தான் பாத்துக்கொண்டு நிண்டீங்கள். அவனும் சொன்னவன், மச்சான் அந்தப் பிள்ளை என்னையெல்லோ பாக்குது எண்டு."

"தெரிஞ்சு கொண்டே சம்மதம் சொன்னீங்கள்?"

"ஒரு கிழமை யோசிச்சனான். ஆள் மாறிப்போச்செண்டு சொல்லுவம் எண்டுதான் இருந்தனான்." மெஷின் சில்லை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தார். "உங்கடை முகத்தைப் பாத்தாப் பிறகு எனக்கு மனம் வரேல்லை. இதுக்கு முதல் ஆறு இடம் பாத்தது. என்னைக் கண்டு போட்டு ஒருத்தரும் ஓமெண்டு சொன்னதில்லை. ஆருக்கோ சொன்ன ஓம் எண்டாலும் வந்திட்டுதே எண்டு நினைச்சன்."

எனக்கு வந்த கோபம்! அவர் என் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார், நான் யோகநாதனின் தோளைப் பார்த்து வாயைத் திறந்தேன். நான் செய்ததைத்தான் அவரும் செய்திருக்கிறார். ஆனால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, மாட்டிக்கொண்டது நான். இதை அப்படியே சொன்னேன்.

போகும்போது சொன்னார்: "நான் நிப்பாட்டுறன். பழி என்னிலை இருக்கட்டும். ஒரு கிழமை தாங்கோ."

இன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

19.08.1979 – ஞாயிறு

ஒன்றும் வரவில்லை.

21.08.1979 – செவ்வாய்

சைக்கிள் மணி கேட்கிறபோதெல்லாம் வாசலுக்கு ஓடுகிறேன். பாண்காரன், தபால்காரன். ஒரு கிழமை இன்றோடு முடிகிறது.

22.08.1979 – புதன்

இளையதம்பியர் வந்தார். முகம் நிறையச் சிரிப்பு. முப்பத்தோராம் தேதி பொன்னுருக்கு, செப்ரெம்பர் ஆறாம் தேதி கலியாணம்! தாலிக்கு ஒட்டுசுட்டான் தட்டாரைச் சொல்லியாயிற்றாம். அம்மா வந்தவருக்குப் பயத்தம் பணியாரம் வைத்தா.

போகிறபோது கமலியின் கையில் ஒரு துண்டைக் கொடுத்துவிட்டுப் போனார். மாப்பிள்ளை எழுதியது: 'சொல்லப் போனனான். வாயில் வரவில்லை. மன்னிக்கவேணும்.'

வாயில் வரவில்லையாம். எனக்கு வரவில்லை, அவருக்கு வரவில்லை. இரண்டு பேருக்கும் வாய் இல்லை, தாலிப் பொன் மட்டும் உருகப் போகிறது.

24.08.1979 – வெள்ளி

சொல்லிவிட்டேன்.

ஐயா, அம்மா, இளையதம்பியர், பந்தற்காரன்கூட இருந்தான். பந்தலுக்குக் கால் எங்கே நடுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நடுவில் போய் நின்று, "எனக்கு அந்த மனிசன்ரை முகம் பிடிக்கேல்லை" என்றேன். மீனம்மா மாதிரிச் சுலபமாக வரவில்லை, கத்தினேன். "பிடிக்கேல்லை. கட்ட மாட்டன்."

அம்மா அறைந்தா. அது நோகவில்லை. ஐயா என்னைப் பார்த்த பார்வைதான். அவர் ஏசவில்லை. "நீ பாத்தனியெல்லோ?" என்று மட்டும் கேட்டார். அதற்கு நான் உண்மையைச் சொன்னேன், யாரைப் பார்த்தேன் என்று. இளையதம்பியர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார். பந்தற்காரன் தலையைக் குனிந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தான். இன்று பின்னேரத்துக்குள் முத்தையன்கட்டு முழுக்கத் தெரிந்துவிடும்.

எனக்குப் பயமாக இல்லை. கை கால் லேசாக இருக்கிறது.

25.08.1979 – சனி

வகுப்புக்கு நாலு பேர்தான் வந்தார்கள். 'முகம் பிடிக்காத ரீச்சர்' என்று பெடியன்கள் மதிலுக்கு அங்காலே கத்திவிட்டு ஓடினார்கள். பரவாயில்லை, கத்தட்டும்.

27.08.1979 – திங்கள்

ஐயா நேற்று மல்லாவிக்குப் போனவர் இன்று மத்தியானம் திரும்பினார். மன்னிப்புக் கேட்கப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "வாக்குக் குடுத்தது வீட்டுக்கு, ஆளுக்கில்லை. கமலியின்ரை சாதகத்தையும் பாத்தாச்சு. பொருந்துது. நாள் மாறாது."

நாள் மாறாது, பெயர்தான் மாறுகிறது. இந்த முறை பிள்ளை பார்க்கட்டும் என்று ஐயா சொல்லவில்லை. அங்கேயும் மாப்பிள்ளை ஒன்றும் கேட்கவில்லையாம், தலையை ஆட்டினாராம்.

கமலி அடுப்படியில் இருந்தாள். விறகைத் தள்ளிவிட்டாள். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவள்!

28.08.1979 – செவ்வாய்

கிணற்றடியில் அவளைப் பிடித்தேன். "மாட்டன் எண்டு சொல்லு. நான் சொல்லேல்லையோ? ஒண்டும் செய்ய மாட்டினம். ஒரு அறை, அவ்வளவுதான்."

வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். இழுத்தாள். ஊற்றினாள். பிறகுதான் பேசினாள்.

"ஒரு வீட்டிலை ஒருத்திதான் அதைச் சொல்லலாம் அக்கா. நீ சொல்லிப்போட்டாய்."

"உனக்கு அவரைப் பிடிச்சிருக்கோ?"

"அவர் என்னைக் கேட்டு வரேல்லை. நானும் அவரைக் கேட்டுப் போகேல்லை. அந்த மட்டிலை ரெண்டு பேரும் சரி." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். தண்ணீரா, வேறேதுமா என்று தெரியவில்லை. "உன்னைப் போலை எனக்கு வடிவில்லை. நாலு பேரெண்டாலும் உன்னைப் பாக்க வந்தவை. உன்ரை பேர் இப்பிடிக் கெட்டாப் பிறகு என்னைப் பாக்க ஆர் வரப்போகினம்?"

நான் ஐயாவிடம் ஓடினேன். நானே கட்டுகிறேன் என்று சொன்னேன். உண்மையாகவே சொன்னேன். ஐயா நெல்லு மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தவர் ஊசியை நிறுத்தவில்லை. "முகம் பிடிக்கேல்லை எண்டு நாலு பேருக்கு முன்னாலை சொன்ன உன்னை அந்த மனிசன்ரை வீட்டுக்கு எப்பிடி அனுப்பிறது? அவருக்கும் மானம் இருக்கெல்லோ," என்றார்.

05.09.1979 – புதன்

என் கூறைச் சட்டையைப் பிரித்துக் கமலிக்கு அளவாக்கினேன். தோளில் ஒரு அங்குலம், இடுப்பில் ஒன்றரை, கையில் அரை. வேறு யாரிடமும் கொடுக்க அவள் விடவில்லை. போட்டுப் பார்த்துவிட்டு, "காணும், இது போதும்" என்றாள். முன்பென்றால் கண்ணாடிக்கு முன்னால் பத்துத் தரம் திரும்புவாள்.

07.09.1979 – வெள்ளி

நேற்றுக் கலியாணம் நடந்தது. தோழனாக நின்றவர் யோகநாதன். இப்போதும் வடிவாகத்தான் இருக்கிறார், அதுதான் எனக்கு ஆத்திரம். அவர் கண் ஒரு தரம் என் பக்கம் வந்தது. நான் எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டேன்.

தாலி கட்டியபோது கமலி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். எல்லாருக்கும் முன்னால், நேராக, நல்ல நேரம் பார்த்தாள். அம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர்தான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

20.10.1979 – சனி

தீபாவளிக்குக் கமலி வரவில்லை.

02.02.1980 – சனி

கமலியின் கடிதம். மூன்று மாதமாம். பட்டறைக்குப் பக்கத்தில் கோழிக்கூடு போட்டிருக்கிறார்களாம். அத்தான் புளி தேடி எங்கெல்லாமோ அலைந்தாராம். சந்தோஷமாக இருக்கிறாளா என்று எழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கோழி, புளி, மழை. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

15.04.1980 – செவ்வாய்

வருஷப்பிறப்புக்குக் கமலியும் அத்தானும் வந்து நிற்கிறார்கள். அவரை அத்தான் என்று கூப்பிட எனக்கு இப்போது நாக்குத் தடுக்கவில்லை, ஆனால் முகம் பார்த்துக் கதைக்க முடியவில்லை. முன்பு பார்க்கமுடியாமல் இருந்தது வேறு, இது வேறு. கமலிக்கு வயிறு தெரிகிறது. அவள் ஏதோ சொல்ல அவர் சிரித்தார், கையால் வாயைப் பொத்திக்கொண்டு. அவள் அந்தக் கையை இழுத்து விலக்கினாள். சும்மா, பழக்கத்தில். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பின்னேரம் இளையதம்பியர் வந்தார். எங்கள் வாசலுக்கு இனி வரமாட்டார் என்றுதான் இருந்தோம். கனகராயன்குளத்தில் ஒருவராம், தபாற்கந்தோரில் வேலை, முதல் பெண்சாதி காலமாகிவிட்டாவாம். எனக்கு எவ்வளவு பெயர் கெட்டிருந்தாலும் பரவாயில்லை என்கிறார்களாம். ஐயா என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "நான் போய்ப் பாக்கிறன். அவள் பாக்கத் தேவையில்லை."

நான் அதற்கு ஓம் சொல்லத்தான் வாயெடுத்தேன். அது என் மனதில் எப்போதோ முடிவான காரியம். யாராக இருந்தாலும், என்ன முகமாக இருந்தாலும், கண்ணை மூடிக்கொண்டு போவது. கமலி போனது போல. அப்போதுதான் இரவில் நித்திரை வரும் என்று நினைத்திருந்தேன்.

கமலி குசினி வாசலில் பலாச்சுளை பிரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அக்கா பாக்கட்டும் ஐயா. அவ பாத்துச் சொல்லவேணும் எண்டுதானே அவவின்ரை இடத்துக்கு நான் போனனான்."

அத்தான் கதிரையில் இருந்தார், கையில் தேத்தண்ணீர். அவருக்குக் கேட்காமல் இராது. கோப்பையை மெல்ல நிலத்தில் வைத்துவிட்டு எழும்பி, பட்டியில் மாடு கத்துகிறது என்று சொல்லிக்கொண்டு வெளியே போனார். மாடு கத்தவில்லை. கமலி அவர் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுளைகளை அப்படியே விட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பி அவருக்குப் பின்னால் போனாள்.

அவர்கள் இருவரும் போனபிறகு ஐயா இளையதம்பியரிடம், அந்த ஆளை ஞாயிற்றுக்கிழமை ஒட்டுசுட்டான் கோயிலடிக்கு வரச்சொல்லும்படி சொன்னார். நான் போகவேண்டும். போய்ப் பார்க்கவேண்டும். பார்த்துவிட்டு, பிடித்திருக்கிறதா இல்லையா என்று வந்து சொல்லவேண்டும். பார்க்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு இனி வழியில்லை.